ஏழாவது காயில்

சென்னியம்மாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வலது கட்டைவிரலிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அந்த நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாய்ந்திருக்கும். இருபத்து மூன்று வருடம் செப்புக் கம்பியை அழுத்திச் சுற்றியதில் வந்த சாய்வு அது. துடியலூரில் உள்ள எங்கள் பம்ப் கம்பெனியில் அவர் வைண்டிங் பிரிவு, நான் லேத். என் பெயர் தம்பிதுரை. வாய் நீளம் என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். அது பொய் இல்லை என்பது இதைப் படித்து முடிக்கும்போது தெரியும்.

அவருக்குப் பிறந்த ஊர் சென்னிமலை. கல்யாணம் ஆகித் துடியலூருக்கு வந்தார். வீட்டுக்காரர் காந்திபுரம் போகும் தனியார் பேருந்தில் கண்டக்டர். ஒருநாள் காலை நல்ல கூட்டத்தில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்படிக்கட்டில் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்திருக்கவில்லை. குழந்தை இல்லை. மூன்றாம் மாதம் அக்கா எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. யாராவது ஆறுதல் சொல்ல வந்தால், "வேலையிருக்குதுங்க" என்று திரும்பிக்கொள்வார்.

வைண்டிங்குக்கு வருகிறவர்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. காயிலுக்கு, அதாவது சுற்றிய கம்பிச் சுருளுக்கு, ஆரம்ப முனை, கடைசி முனை என்று இரண்டு முனை. மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் முனகிக்கொண்டே கருகிவிடும். அதனால் சுற்றத் தொடங்கும்போதே ஆரம்ப முனையை விரல் நீளத்துக்கு மடித்து, கொறடால் ஒரு அழுத்து அழுத்திவிடுவார்கள். கண்ணால் பார்க்காமல் தடவியே எது தலை, எது வால் என்று தெரிந்துகொள்ளலாம். சென்னியக்காவுக்குக் கொறடுகூட வேண்டாம், அந்தச் சாய்ந்த நகமே போதும். பேசிக்கொண்டே இருப்பார், கை தானாக மடித்துவிட்டிருக்கும்.

எங்கள் முதலாளி லட்சுமணசாமிக்குப் பம்ப் மட்டும் செய்து சலித்துவிட்டது. காற்றாலைக்கு ஜெனரேட்டர் செய்கிற கம்பெனி ஒன்று அவரை நம்பி ஒரு சோதனை வேலை கொடுத்தது. டீ இடைவேளையில் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, "சூப்பர் கண்டக்டர் வெச்சு ஒரு ஜெனரேட்டர் பண்ணப் போறோம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப டிரைவர் யாருங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சென்னியக்கா மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்கூட்டுக்காரரும் கண்டக்டருதானுங்க தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாரும் அந்த வார்த்தையை வைத்துச் சிரிக்கவில்லை.

அந்த வேலைக்கென்றே வந்த இன்ஜினியர்தான் வர்ஷினி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். இருபத்தேழு வயது இருக்கும். படபடவென்று பேசும், ஆனால் எங்களுக்குப் புரிகிற வரைக்கும் விடாது. கம்பிக்குப் பதிலாகச் சுற்றவேண்டிய சூப்பர் கண்டக்டர் டேப்பைக் காட்டி, இது என்ன மாயம் என்று சென்னியக்கா கேட்டபோது அந்தப் பிள்ளை சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் வரி மாறாமல் நினைவிருக்கிறது.

"அக்கா, சாதாக் கம்பியில கரண்டு போறது காலைல ஒம்பது மணி பஸ்சு மாதிரிங்க. எல்லாரும் இடிச்சுத் தள்ளிட்டுப் போறாங்க, அதுல சூடாகுது, பாதி சக்தி அந்த இடியிலயே வீணாப் போகுது. இந்த டேப்பை மைனஸ் இருநூத்தி நாப்பது டிகிரிக்குக் குளிர வெச்சுட்டா, உள்ள போறவங்க ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்துக்குவாங்க. ஜோடியாப் போறவங்களை எதுவும் இடிக்காது. சூடே ஆகாது."

"அப்ப ஒண்டியாப் போனாத்தான் இடிபடோணும்" என்றார் சென்னியக்கா.

வர்ஷினிக்கு அக்காவின் கதை அப்போது தெரியாது. சிரித்துவிட்டது. பிறகு நான் சொல்லித் தெரிந்ததும் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. அக்கா தன் சோற்றுப் போசியில் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே கட்டிக்கொண்டு வருவார்.

அந்த டேப்பை நானும் பார்த்தேன். ரிப்பன் மாதிரி மெல்லிசு, சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. எஃகுப் பட்டையின் மேல் செம்பு பூசியிருக்கும். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பீங்கான் படலம். வேலையெல்லாம் அந்தப் படலம்தான் செய்கிறது. சாதாரணமாகக் காற்றாலை உச்சியில் தூக்கி வைக்கிற ஜெனரேட்டர் யானை எடை. பெரிதாகச் செய்யச் செய்ய எடை தாங்காது. இந்த டேப்பில் சுற்றினால் அதே மின்சாரத்தைப் பாதி எடையில் எடுத்துவிடலாம் என்றார்கள். எங்களுடையது ஜெனரேட்டருக்குள் சுழலும் பாகமான ரோட்டர், சோதனைக்கென்று சின்னதாக, பன்னிரண்டு காயில். அது முழு மின்னோட்டத்தில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டால் அடுத்து பெரிசு செய்ய ஆர்டர் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எல்லாம்.

டேப்புக்கு ஒரே ஒரு குணக்கேடு. இறுக்கி மடித்தால் உள்ளே இருக்கிற படலம் நொறுங்கிவிடும். வெளியே கீறல்கூடத் தெரியாது. மறுபடி நேராக்கினால் புதுசு மாதிரியே இருக்கும், ஆனால் அந்த இடம் செத்த இடம். வர்ஷினி தன் கையிலிருந்த கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றி நீட்டியது.

"இந்த வட்டத்தை விடச் சின்னதா எங்கயும் வளையக் கூடாதுங்க அக்கா. இதை அளவுக்கு வெச்சுக்கங்க."

அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "நான் கண்ணாடி வளவி தொடறதில்லீங்க அம்மணி."

"போட்டுக்க வேண்டாங்க. ஆணியில மாட்டுங்க. பார்த்தா ஞாபகம் வரட்டும்."

நான்தான் ஆணி அடித்தேன். பச்சை வளையல், சுற்று மிஷினுக்கு நேர் மேலே. டேப்புக்கு மடிப்பு ஆகாது என்பதால் ஆரம்ப முனைக்கு அடையாளமாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஆறு காயில் அப்படியே சுற்றி முடித்தார் அக்கா. ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள். மிஷின் டேப்பை இழுக்க, அக்காவின் விரல் அதன் மேல் பூப்போல் உட்கார்ந்திருக்கும். ஆறும் சோதனையில் அப்பழுக்கில்லாமல் வந்தன. முதலாளி அக்காவை மிஷின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, முன் அலுவலகத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "வெளிநாட்டுல ரோபோ சுத்துது. நம்மகிட்டச் சென்னிம்மா சுத்துறாங்க" என்பார். அந்தப் பக்கம் போகும்போது அக்கா தலையைக் குனிந்துகொண்டு போவார். ஆனால் போகாமல் இருந்ததில்லை.

இதற்குள் சித்திரை வெயில் வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க ஊர்பூராவும் மோட்டார் எரியும், எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஏழாவது காயிலுக்கு முன்னால் முதலாளி அக்காவை நான்கு நாள் பம்ப் வரிசைக்கு இழுத்துவிட்டார். வர்ஷினி வேண்டாம் என்றுதான் சொன்னது. "நாலே நாளும்மா" என்றார் முதலாளி. நான்கு நாளும் அக்கா செப்புக் கம்பி சுற்றினார். நூற்றுக்கணக்கான ஆரம்ப முனைகளை மடித்திருப்பார்.

ஐந்தாம் நாள் காலை திரும்பி வந்து டேப்பை எடுத்தார். கை மடித்துவிட்டது.

மடித்த அந்த நொடியே தெரிந்துவிட்டது என்று பின்னால் என்னிடம் சொன்னார். தலைக்கு மேல் வளையல் தொங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. விரலால் நீவி நேராக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு கோடுகூட இல்லை. ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு வர்ஷினியைக் கூப்பிட்டிருந்தால் தீர்ந்தது. ஆனால் டேப் காயிலுக்கு அளந்து வந்தது, வெட்டினால் சொல்லியாக வேண்டும். நம் கையா இப்படிச் செய்தது என்ற வெட்கம் ஒரு பக்கம், ஒன்றும் ஆகாது என்கிற நப்பாசை ஒரு பக்கம். சுற்றிவிட்டார்.

ஆரம்ப முனையைச் செப்புக் கட்டையோடு பற்றவைப்பது வர்ஷினியின் வேலை. மடிப்பு விழுந்த இடம் அந்தப் பற்றுக்கு ஒட்டினாற்போல் இருந்தது. அங்கேதான் வினை. காயிலைத் திரவ நைட்ரஜனில் முக்கிச் சோதித்தபோது ஆரம்ப முனைப் பக்கம் மின்தடை லேசாக ஏறிக் காட்டியது. வர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தது. "நான் பத்த வெச்சது சரியில்லபோல இருக்குதுங்க. ஆனா வரம்புக்குள்ளதான் இருக்குது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டது. அக்கா பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

மீதி ஐந்து காயிலும் சுற்றி முடிந்து, ஆடி மாதம் சோதனை. ரோட்டரைக் குளிர வைக்கவே ஒன்பது நாள் ஆனது. காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாங்கள் எல்லாரும் நின்றோம். மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றினார்கள். பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது. வர்ஷினி திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தது. முழு அளவு தொட்டுப் பதினோரு நிமிடம் ஓடியது. பிறகு திரையில் ஒரு கோடு செங்குத்தாக ஏறியது, எல்லாம் தானாக அணைந்துவிட்டது. சத்தம்கூட இல்லை. பிரித்துப் பார்த்தபோது ஏழாவது காயிலின் ஆரம்ப முனை உள்ளங்கை அளவுக்கு உருகிக் கரிக்கட்டையாக இருந்தது. அந்தக் கரியில் எது பற்றவைப்பு, எது டேப் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வர்ஷினி ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும் ஒரு தடவை கேட்டது. நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எழுதறதுக்காகக் கேக்கறனுங்க. ஏழாவதுல டேப்பு எங்கயாச்சும் மடிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க அம்மணி."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்றது அந்தப் பிள்ளை. அதோடு சரி. மறுபடி கேட்கவே இல்லை.

அறிக்கையில் தன் பற்றவைப்பு முறைதான் தவறு என்று எழுதிக் கொடுத்தது. பத்து நாளில் காற்றாலைக் கம்பெனியிலிருந்து வேலையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. முதலாளி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மாதக் கடைசியில் வர்ஷினி வேலையை விட்டது. போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டது. அக்கா அன்று விடுப்பு. ஆணியில் தொங்கிய வளையலை அது எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடம் போயிற்று. அக்கா பம்ப் வரிசைக்கே திரும்பிவிட்டார். பேச்சு குறைந்துவிட்டது, வயதாகிறது என்று நாங்கள் நினைத்தோம். நான் என் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. புதிதாக வந்த ஒரு சூப்பர்வைசரிடம் டீக்கடையில் பழைய கதை அளந்துகொண்டிருந்தேன். "எம்.ஈ. படிச்ச பிள்ளைங்க. ஒரு ஜாயின்ட்டு உருப்படியாப் பத்த வெக்கத் தெரியல. கம்பெனியவே கவுத்திப்போட்டுப் போயிருச்சு" என்றேன். அதற்கு முன்னும் பத்துப் பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அப்புடிச் சொல்லாதீங்க தம்பி. அது நான் பண்ணிப்போட்டது."

அங்கேயே, கிளாஸ் கழுவுகிற தொட்டி ஓரத்தில் நின்றபடி முழுவதையும் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "இத்தனை நாள் எப்புடிங்க அக்கா சோறு எறங்குச்சு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர், "எறங்கலீங்க" என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் அவர் எவ்வளவு இளைத்துப்போயிருக்கிறார் என்பதைக் கவனித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டரில் தொண்டாமுத்தூருக்குப் போனோம். வளையலைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். வர்ஷினி தோப்பின் ஓரத்தில் வேலியடியில் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் யானை வந்து நான்கு தென்னையைச் சாய்த்து, சோலார் வேலியையும் பிய்த்துப் போட்டிருந்தது. கையில் டெஸ்டர், பக்கத்தில் பேட்டரி.

"வாங்கக்கா, வாங்கண்ணா. இப்ப இதுதானுங்க என்ற கரண்டு வேலை" என்று சிரித்தது. அதற்கப்புறம் ஒரு கல்லூரியில் வகுப்பெடுத்ததாம், அதுவும் பிடிக்காமல் விட்டுவிட்டதாம். எங்கே நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் அந்த அறிக்கையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்றது.

அக்கா உட்காரவில்லை. "அம்மணி, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க. ஏழாவதுல மடிஞ்சுதுங்க. நாந்தான் மடிச்சேன். பம்பு சுத்திட்டு வந்த கை" என்றார்.

வர்ஷினியின் கையிலிருந்த டெஸ்டர் கீழே இறங்கியது. திட்டும் என்று நான் பயந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்காவின் முகத்தைப் பார்த்து, "மத்ததுல எதுலயாச்சும் மடிச்சீங்களா அக்கா?" என்று கேட்டது.

"இல்லீங்க அம்மணி. சாமி சத்தியமா அது ஒண்ணுதானுங்க."

"அப்ப பதினொண்ணு நல்ல காயிலு" என்றது மெதுவாக.

எங்களுக்குப் புரியவில்லை. அது சொன்ன பிறகுதான் புரிந்தது. பற்றவைப்பு முறை தப்பு என்றால், அதே முறையில் பற்றவைத்த பன்னிரண்டு காயிலும் தப்பு. அதனால்தான் ரோட்டரையே கைவிட்டார்கள். மடிப்பு என்று தெரிந்திருந்தால் ஏழாவதை மட்டும் கழற்றி வேறொன்று சுற்றி வைத்திருக்கலாம். மூன்று நாள் வேலை. மறுபடி குளிர வைத்து ஓட்டியிருந்தால் ஓடியிருக்கும்.

"என்ற ஜாயின்ட்டு சரியாத்தான் இருந்திருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. அப்போதுதான் அழுதது. அந்த ஒன்றரை வருடமும் தன் கையைத் தானே நம்பாமல் இருந்திருக்கிறது அந்தப் பிள்ளை. அக்கா கிட்டே போகவும் தெரியாமல் விலகவும் தெரியாமல் நின்றார். பிறகு கைக்குட்டையைப் பிரித்து, வளையலைப் பேட்டரியின் மேல் வைத்தார். வர்ஷினி அதை எடுக்கவுமில்லை, வேண்டாமென்று தள்ளவுமில்லை. நாங்கள் கிளம்பும்போது, "சாப்பிட்டுப் போங்க அக்கா" என்றது. இந்த ஊர் மரியாதை அப்படி. அக்கா, "இன்னொரு நாள் வாரனுங்க அம்மணி" என்றார். இருவருக்கும் தெரியும், வரமாட்டார்.

மறுநாள் முதலாளியிடமும் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். "போன தையிலயே காத்தாலைக்காரங்க ரோட்டரை வெட்டிப் பிரிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க சென்னிம்மா" என்றார் லட்சுமணசாமி. பிறகு, "அந்த நாலு நாளு உங்களப் பம்புக்கு இழுத்தது நான்" என்றும் சொன்னார். அறிக்கை தவறு என்று தன் பெயரில் கடிதம் எழுதி அன்றே காற்றாலைக் கம்பெனிக்கும் வர்ஷினிக்கும் அனுப்பினார். வர்ஷினிக்கு அது எங்காவது உதவியிருக்கும் என்று நம்புகிறேன். காற்றாலைக்காரர்களிடமிருந்து பதில் வரவில்லை. முன் அலுவலகத்தில் இருந்த படத்தை எடுத்துவிடச் சொன்னார் அக்கா. நான்தான் ஏறி எடுத்தேன்.

சென்னியக்கா இப்போதும் வைண்டிங்கில்தான் இருக்கிறார். நாளுக்கு எத்தனையோ காயில் சுற்றுகிறார், ஆனால் ஆரம்ப முனையை மடிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டி முடிச்சுப் போடுகிறார். அதனால் வேலை தாமதமாகிறது என்று பக்கத்தில் இருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். நானும் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "இது செம்புதானுங்க அக்கா. மடிச்சா ஒண்ணும் ஆகாது."

"செம்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க தம்பி" என்றார். "எனக்குத்தான் ஆகாது."

அந்தச் சிவப்பு நூல்கண்டை நான்தான் வாங்கி வந்து கொடுக்கிறேன்.